கோடு தாண்டியவன் திரும்புவானா?

சங்க காலத்திலேயே மரக்காணத்தை ஒட்டிய இந்தக் கரைக்கு ஒரு வழிகாட்டி எழுதிவிட்டார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனை மறித்து, இப்படிப் போ, இன்னின்ன ஊர் வரும், இன்னின்னது உண்ணக் கிடைக்கும் என்று சொல்வதாக அமைந்தது சிறுபாணாற்றுப்படை. 269 அடி. பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கு வடக்கே இடைக்கழிநாடு என்ற பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது பல அறிஞர்களின் கருத்து.

எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது பரிசிலும் அல்ல, விருந்தும் அல்ல. பாட்டின் இடையில் கொற்கையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு மந்தி வரும். உமணர்களின் உப்பு வண்டியோடு வந்த மந்தி. அது உமணப் பிள்ளைகளோடு சேர்ந்து, சிப்பிக்குள் முத்தைப் போட்டு மூடிக் கிலுகிலியாட்டுகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விளையாட்டுப் பொருள், அதைச் சுற்றிக் கவிழ்ந்த தலைகள். உப்பளத்தை ஒட்டிய ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். முத்துச் சிப்பிக்குப் பதில் செல்போன். மற்றபடி பெரிய மாற்றமில்லை.

நானும் பரிசில் வாங்கி வந்த பாணன் மாதிரிதான் பேசுகிறேன். கல்லூரிக் கபடி, செல்போன் சண்டை ஆட்டம், மாயமந்திரத் தொடர் ஆகிய மூன்றுக்கும் ரசிகன். வீட்டில் இதற்கு வேறு பெயர்: வேலையத்தவன். மூன்றும் தனித்தனிப் பைத்தியம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்றையும் ரசிக்க, கோடு தாண்டியவன் திரும்புவானா என்ற ஒரே கேள்வி போதும் என்பதைச் சொல்லிக் கொடுத்தவர் உப்பளத்தில் வேலை செய்த என் மாமா. அவர் கபடிக்காகச் சொன்னதை நான் மற்ற இரண்டுக்கும் நீட்டிக்கொண்டேன்.

கல்லூரி ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடையாது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் கால்பந்து மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கிடையிலான கபடிக்கு வேப்பமரத்தடியில் ஐம்பது பேர் நின்றால் நல்ல கூட்டம். அதிலும் பாதி விடுதிப் பையன்கள். ஆனால் கோட்டுக்கு நாலடி தள்ளி நின்று, ஆடுகிறவனின் மூச்சுச் சத்தம் காதில் விழப் பார்க்கும் பாக்கியம் அந்த லட்சம் பேரில் ஒருவருக்கும் இல்லை.

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் நடுக்கோட்டுக்கு நேரே போய் நிற்பார்கள். வேண்டாம். களத்தின் ஒரு மூலைக்குப் பின்னால், கார்னர் ஆட்டக்காரனின் முதுகுப் பக்கம் நில்லுங்கள். பாடி வருகிறவன் உங்களைப் பார்த்து வருவான். அவனைப் பிடிக்கப் போகிறவனின் குதிகாலும் உங்கள் கண்ணில் படும். மாமா சொன்னது இதுதான்: "கையைப் பாக்காதடா. கை பொய் சொல்லும். காலைப் பாரு."

பாடி வருகிறவன் கையை நீட்டுவதெல்லாம் பாசாங்கு. உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பதே சங்கதி. பாரம் முன்காலுக்குப் போன கணத்தில் அவனால் பின்வாங்க முடியாது. நல்ல கார்னர் அந்தக் கணத்துக்காகத்தான் கணுக்காலை நோக்கிக் குனிந்து காத்திருப்பான். அரைக் கணம் முந்திப் பாய்ந்தால் இவன் அவுட், அரைக் கணம் பிந்தினால் அவன் வீடு சேர்ந்துவிடுவான்.

இனி கோடுகள். ஆண்களுக்குக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12, 8. ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. யாரையும் தொடாமல், அதையும் தாண்டாமல் திரும்பினால் பாடியவன் அவுட். அதாவது ஆபத்துக்குள் போகாமல் வீடு திரும்ப அனுமதி இல்லை. இந்த விதியை எழுதியவரைக் கண்டால் கும்பிட வேண்டும். அதற்கு இன்னும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. எதிரில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது, ஒரு காலை அதற்கப்பால் ஊன்றி மறு காலைத் தரையிலிருந்து தூக்கினால் ஒரு புள்ளி. ஐந்து பேராகிவிட்டால் அந்தக் கோட்டுக்கு மதிப்பில்லை. பிடிக்கும் பக்கம் மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று மடக்கிவிட்டால் இரண்டு புள்ளி. ஆள் குறையக் குறையப் பிடியின் விலை ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் 30 விநாடி. முன்பு கடிகாரம் கிடையாது. ஒரே மூச்சு, அவ்வளவுதான். சடுகுடு பார்த்த பெரியவர்கள் இந்த 30 விநாடிக் கணக்கை இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் இலவசமாக ஒரு வர்ணனையும் கிடைக்கும்.

கோடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டம் போதும். 1990இல் ஆசியப் போட்டியில் கபடி சேர்ந்ததிலிருந்து தங்கம் நம்முடையதாகவே இருந்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஆண்கள் பெண்கள் இரண்டு தங்கத்தையும் ஈரான் கொண்டுபோனது. ஹாங்சோவில் மறுபடி இந்தியாவும் ஈரானும். ஆளுக்கு 28 புள்ளி. முடிய ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது பாடிப் போன பவன் செராவத் யாரையும் தொடுமுன் பக்கவாட்டுப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தார். பிடிக்க வந்தவர்களும் பின்னாலேயே விழுந்தார்கள். யார் அவுட், எத்தனை புள்ளி? ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33க்கு 29 என்று இந்தியா வென்றது. அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள், ஆனால் முதலில் லாபி விதியைப் படித்துவிட்டு. விதி தெரியாதவருக்கு அது வெறும் கூச்சல்.

கல்லூரி அணியின் ரசிகனுக்குத் தனி வேதனை ஒன்றுண்டு. இடது கார்னர் பையனின் பாய்ச்சல் உங்களுக்குப் பிடிபட்டு, அவன் தோளைக் குலுக்குவதை வைத்தே அடுத்து என்ன செய்வான் என்று சொல்லும் அளவுக்கு நீங்கள் தேறும்போது அவனுக்கு மூன்றாம் ஆண்டு முடிந்திருக்கும். ஜூனில் அந்த மூலையில் வேறொரு பையன். தொழில்முறை அணியான தமிழ் தலைவாஸின் ரசிகர்களுக்கும் ஏலத்தில் ஆட்கள் மாறுகிறார்கள்தான். ஆனால் அங்கே மாறினவனை வேறு ஜெர்சியில் தொலைக்காட்சியில் பார்க்கலாம். கல்லூரிப் பையன் போன இடம் தெரியாது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டி ஆடியிருந்தால் ரயில்வேயோ போலீஸோ கூப்பிடலாம். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இல்லாவிட்டால் ஏதாவது கம்பெனி ஷிப்ட். களத்தில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னாலும் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசனும், 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவும் இப்படி யாரும் கவனிக்காத மண்தரையிலிருந்து போனவர்கள்தான். நீங்கள் இன்று வேப்பமரத்தடியில் பார்ப்பவரில் அப்படிப் போகப்போகிறவர் யார் என்று எப்படித் தெரியும்?

செல்போன் ஆட்டத்தை நான் ஆடுவதில்லை. அண்ணன் மகன் ஆடும்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பேன். "சித்தப்பா, ஜோன் வருது, பேசாதீங்க" என்பான். பேசாமல் இருப்பதே இதில் முதல் பாடம். எதிரியின் காலடி ஓசையை வைத்து அவன் எந்தச் சுவருக்குப் பின்னால் என்று கணிக்கிறார்கள், நீங்கள் முறுக்கைக் கடித்தால் ஆள் அவுட்.

விமானத்திலிருந்து நூறு பேர் குதிக்கிறார்கள். பப்ஜி ஆட்டத்தின் எரங்கல் என்னும் தீவு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். அதில் ஒரு வட்டம் விழுகிறது. நேரம் ஆக ஆகச் சுருங்குகிறது. வெளியே நிற்பவன் உயிர் கரைந்து சாவான். உள்ளே வருகிறவனை, முன்பே உள்ளே பதுங்கியவன் சுடுவான். கபடியில் நாம் கோட்டைத் தேடிப் போகிறோம். இதில் கோடே நம்மைத் தேடி வருகிறது. துப்பாக்கியைப் பார்க்காதீர்கள், அதுவும் கை மாதிரிப் பொய். திரையின் ஓரத்தில் உள்ள சின்ன வரைபடத்தைப் பாருங்கள். வட்டம் விழுந்ததும் யார் உடனே கிளம்புகிறான், யார் கடைசி விநாடி வரை வீட்டுக்குள் பொறுக்கிக்கொண்டிருக்கிறான் என்பதில் ஆளின் குணமே தெரிந்துவிடும். உப்பளத்துக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாத்தியில் தண்ணீர் வற்ற வற்றத்தான் உப்புப் பூக்கும்.

இந்த ஆட்டத்துக்கு வெளியிலும் ஒரு சரித்திரம் உண்டு. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை. 2021இல் பெயர் மாறி பிஜிஎம்ஐ என்று வந்தது. 2022இல் மறுபடி மறைந்து 2023இல் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் எங்கள் தெருவில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025இல் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. காசு வைத்தவன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, காசைத்தான் பார்க்கிறான்.

மாயத் தொடருக்கு வருவோம். இதில் என்ன வேண்டுமானாலும் நடக்கும், அதனால்தான் பிடிக்கவில்லை என்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. என்ன வேண்டுமானாலும் நடக்கிற தொடர் மோசமான தொடர். நல்லதில் வரமும் சாபமும் சபதமும் கபடிக் கோடு மாதிரி முதலிலேயே போடப்பட்டிருக்கும். நாகா இயக்கிய 'விடாது கருப்பு' இன்றும் நிற்பதற்குக் காரணம், கருப்பு எதற்கு வரும், எதற்கு வராது என்ற கணக்கு அதில் இருந்தது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்த மூன்றாம் பருவத்துச் சிவப்புக் கல்யாணக் காட்சியில் உலகமே அலறியது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவருக்கு அதைக் காட்டினேன். அந்த உலகத்தில் ஒரு வீட்டின் ரொட்டியையும் உப்பையும் தின்றுவிட்டால், அந்தக் கூரையின் கீழ் விருந்தாளியை வீட்டுக்காரன் தொடக்கூடாது. மண்டபத்துக் கதவைச் சாத்தும்போதே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உப்பைப் போட்டுட்டு வெட்டறானா, பாவி!" உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்தவருக்கு அங்கே முறிந்த கோடு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து அலறுவது வேறு, உப்பைப் பார்த்து அலறுவது வேறு.

உண்மையில் இந்த வட்டாரத்தின் பெரிய மாயத் தொடர் தொலைக்காட்சியில் ஓடுவதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. ஒரே கதை, நாள்தோறும் ஒரு பகுதி, கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். சபையில் அவிழ்த்த கூந்தலைப் பாஞ்சாலி அன்றுதான் முடிப்பாள். அத்தனை நாள் அந்தக் கூந்தலைச் சுமந்துகொண்டு பார்க்கிறவனே ரசிகன்.

கூத்துக்குப் பாயும் போர்வையும் கொண்டுபோங்கள். தூங்கலாம், தப்பே இல்லை; கிரீடமும் புஜக்கட்டையும் வைத்த கட்டை வேடம் உள்ளே வரும்போது தாளமும் முகவீணையும் எழுப்பிவிடும். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து வேடக்காரரின் பாட்டு மட்டும் வரும். திரைக்குக் கீழே தெரியும் சலங்கைக் கால்களைப் பாருங்கள். மாமாவின் பாடம் இங்கும் செல்லும். தாமதமாக வந்து கதை புரியவில்லையென்றால் கவலையில்லை. கட்டியங்காரன் வருகிற ராஜாவை எல்லாம் நீ யார், எந்த ஊர் என்று குடைந்து குடைந்து கேட்பான், உங்களுக்காகத்தான் கேட்கிறான்.

அபிமன்னன் சண்டை மட்டும் தவறவிடாதீர்கள். வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பின்னால் வந்தவர்களைச் சைந்தவன் மறித்துவிடுகிறான். முடிவு தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

கூத்து நடக்கும் சித்திரை, வைகாசிதான் உப்பளத்திலும் வேலை முட்டுகிற காலம். வெயில் ஏறினால் பாத்தியில் கண் கூசும், நிற்க முடியாது. அதனால் அபிமன்னன் நுழைகிற நேரத்தில், இரவு மூன்று மணி வாக்கில், உப்பு வாரப் போகிறவர்கள் துண்டை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். ஒரு வருஷம் மாமாவும் அப்படிப் பாதியில் போனார். காலை ஒன்பது மணிக்கு, முழங்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருக்க, டீக்கடைக்கு வந்தார். நான் தூக்கக் கலக்கத்தில் பெஞ்சில் இருந்தேன்.

"எம்மா நேரம் நின்னான்?" என்றார்.

"அஞ்சு மணி வரைக்கும் மாமா."

"பரவாயில்லியே" என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டார்.