கைக்கு மெட்டு

மார்கழியில் பகல் பத்து நாட்களில் ஸ்ரீரங்கம் அர்ஜுன மண்டபத்தில் நின்றவர்கள் அரையர் சேவையைப் பார்த்திருப்பார்கள். கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரத்தின் ஓர் அடியைப் பாடுவார். பிறகு அதற்கு அபிநயம். ஒரே சொல்லுக்குள் இருக்கும் பல பொருள்களைக் கை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். வியாக்கியானம் அதற்குப் பிறகுதான். கை சொல்லி முடிக்கும்வரை அடுத்த அடி காத்திருக்கும். முத்துக்குறி என்னும் குறி பார்க்கும் காட்சியில் மகளும் தாயும் கட்டுவிச்சியும் அவர் ஒருவரே.

காதுகேளாத நடிகர்களும் கேட்கும் நடிகர்களும் சேர்ந்து போடும் இசை நாடகங்களை எடைபோட எனக்குக் கிடைத்த அளவுகோல் அந்தக் காத்திருப்புதான்.

இந்த வகை நாடகத்தை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது, லாஸ் ஏஞ்சலீஸில் 1991இல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் தியேட்டர். அவர்களுடைய ‘பிக் ரிவர்’ 2003இல் பிராட்வே மேடைக்குப் போனது. ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ 2015இல் போனது. முறை எளிது. காதுகேளாத நடிகர் சைகை மொழியில் பேசுவார். அவருக்குரிய குரலைக் கேட்கும் நடிகர் ஒருவர் மேடையிலேயே நின்று பாடுவார். ‘ஸ்பிரிங் அவேக்கனிங்’ நாயகிக்கு சாண்ட்ரா மே ஃபிராங்க் கையும் முகமும் தந்தார். கேட்டி போக் குரல் தந்தார். தொடக்கக் காட்சியில் இருவரும் கண்ணாடிக்கு இருபுறமும் நிற்பதுபோல் நின்றார்கள்.

குரல் ஓரிடம், உடல் ஓரிடம் என்பது தமிழ் ரசிகருக்குப் புதிதில்லை. தோல்பாவைக் கூத்தில் பாவைக்குக் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறது. பரதம் ஆடுபவர் பாடுவதில்லை. திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் சிறுவன் தியாகராஜன் லோகிதாசனாக மேடை ஏறிய காலத்தில், பாடத் தெரிந்தவரே நடிகர். அந்தச் சிறுவன் பாகவதராக வளர்ந்து திரையில் கொடிகட்டிப் பறந்தபோதே, 1938இல் ‘நந்தகுமார்’ படத்தோடு பின்னணிக் குரல் தமிழுக்கு வந்துவிட்டது. டி.எம்.எஸ். குரலில் சிவாஜி பாடியதை யாரும் இரண்டு பேராகப் பார்க்கவில்லை. டெஃப் வெஸ்ட் செய்தது இதைவிட நேர்மையானது. குரல் கொடுப்பவரை ஒளித்துவைக்காமல், பாத்திரத்தின் இன்னொரு பாதியாகவே நடமாட விட்டது.

ஆனால் பழுதும் அங்கேயே இருக்கிறது. கேட்கும் ரசிகருக்குப் பாட்டும் கிடைக்கிறது, கையும் கிடைக்கிறது. காதுகேளாத ரசிகருக்கு இருப்பது கை ஒன்றுதான்; அந்தக் கையோ பாட்டின் வேகத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்கும் நடிகர் வாயால் பாடிக்கொண்டே கையாலும் சொல்லும்போது இது இன்னும் மோசமாகிறது. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. இந்திய சைகை மொழியில் கேள்விச் சொல் கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில் வரும். கேள்வியா இல்லையா என்பதைப் புருவம் சொல்லும். பாட்டின் சொல் வரிசைக்கே கையை அசைத்தால் இந்த இலக்கணம் சிதைகிறது. மேடையில் ஏதோ அழகாக அசைகிறது, பொருள் மட்டும் போய்ச் சேர்வதில்லை.

நம்மிடையே நடந்த முயற்சி வேறு வகை. நடனக் கலைஞர் அஸ்தாத் தேபு கொல்கத்தாவின் ஆக்‌ஷன் பிளேயர்ஸ் குழுவோடும், சென்னை கிளார்க் பள்ளியின் காதுகேளாத பெண்களோடும் பணியாற்றினார். கிளார்க் பள்ளிப் பெண்கள் 12 பேர் 2005 ஜனவரியில் அவரோடு மெல்போர்னில், காதுகேளாதோர் ஒலிம்பிக் விளையாட்டுகளின்போது ஆடினார்கள். 2020இல் மறைந்த தேபு அவர்களை இரக்கத்துக்குரியவர்களாக நடத்தாமல் கலைஞர்களாக நடத்தினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குறை பார்வையாளர்களாகிய நம்மிடம் இருக்கிறது. “கேட்காமலே தாளம் தப்பவில்லையே” என்று வியந்து கைதட்டுகிறோம். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்ல இருந்தது என்று நடனத்திடம் கேட்பதில்லை. 2007இல் வந்த ‘மொழி’ படத்தை நெகிழ்ந்து பார்த்த ஊர் இது; அதில் காதுகேளாத அர்ச்சனாவாக நடித்தவரும் கேட்கும் நடிகைதான்.

‘பிக் ரிவர்’ நாடகத்தில் ஓர் இடம் உண்டு. எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வாத்தியமும் குரலும் நின்றுவிடும். கைகள் மட்டும் பாட்டைத் தொடரும். அந்தச் சில நொடிகளில் கேட்கும் ரசிகர்தான் கையைப் பார்த்துப் பாட்டைப் பிடிக்க வேண்டியவராகிறார். இந்த நாடகமுறை கண்டெடுத்த மிகப் பெரிய விஷயமாக இதையே சொல்வேன். வருத்தம் ஒன்றுதான்: அது நொடிகளோடு முடிந்துவிடுகிறது.

திருச்சியில் இப்படி ஒரு நாடகம் போட ஆசைப்படுபவர்கள் முதலில் மேடையைப் பார்க்க வேண்டும். சிமெண்ட் மேடையில் தவிலின் அதிர்வு காலுக்கு ஏறாது. மரப்பலகை போட்டால் ஓரளவு ஏறும். அதையும் முழுதாக நம்ப முடியாது. சக நடிகரின் மூச்சு, தோளில் ஒரு தொடுதல், விளக்கின் நிறமாற்றம் ஆகியவைதான் தப்பாத சமிக்ஞை. நாம் விரும்பும் இருட்டடிப்பு இங்கே கூடாது, ஏனென்றால் விளக்கை அணைத்தால் பேச்சே அணைந்துவிடும். தலைவிக்குக் குடம் கொடுத்தால் அதை இறக்கிவைக்க இடமும் கொடுக்க வேண்டும், குடத்தோடு அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது. ஜரிகையும் வளையலும் விரல்களை மறைக்கும். சமதளத்தில் நாற்காலி போட்ட மண்டபத்தில் ஐந்தாவது வரிசைக்கு இடுப்பளவில் நிகழும் சைகை தெரியாது.

இவற்றையெல்லாம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது வேறொன்று. மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நம் சினிமாக்காரர்கள் காலங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். இங்கே மூன்றாவது ஒன்று தேவைப்படுகிறது: கைக்கு மெட்டு. காதுகேளாத நடிகர் காட்சியைத் தன் மொழியில் முதலில் சொல்லட்டும். எந்த இடத்தில் கை நிற்கிறது, எதை இருமுறை காட்டுகிறது, எந்தக் கேள்வியில் புருவம் உயர்கிறது என்று இசையமைப்பாளர் எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும். ஹார்மோனியத்தை அதற்கு மறுநாள் திறந்தால் போதும்.