தனிச்சுற்றுக்கு மட்டும்

கல்லூரி மாணவர்கள் நடத்திய பழைய கவிதை இதழ் எது கைக்குக் கிடைத்தாலும் நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். அடியில் பொடி எழுத்தில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று இருக்கும். பதிவு எண் வாங்காமல் வருகிற இதழுக்குச் சிக்கல் வராமலிருக்க அன்றைய சிற்றிதழ்க்காரர்கள் பலரும் போட்டுக்கொண்ட வாசகம் அது. மாணவர் இதழ்களுக்கு அது உள்ளபடியே உண்மை. எழுதியவர், படம் போட்டவர், தாள் வாங்கக் காசு கொடுத்தவர், வாசித்தவர் எல்லோரும் ஒரே விடுதியில் சாப்பிட்டு ஒரே பேருந்தில் தொங்கியவர்கள். கவிதை வந்த மறுநாளே அதைப் பற்றி ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பெரிய பத்திரிகையில் எழுதுகிறவருக்கு இது வாய்ப்பதில்லை. மாணவர் இதழின் ருசி முழுவதும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் யார் பெரிய கவிஞரானார் என்று தேடுவதற்காக மட்டும் அவற்றைப் படிப்பவர்கள் பாதியை இழக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து இதழ்களிலிருந்து தொடங்குகிறேன். கண்டமங்கலம் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சாலையோரம் இருக்கிற ஊர். காலையில் இங்கிருந்து கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள். மேற்கே போகிறவர்களுக்கு விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி. கிழக்கே போகிறவர்களுக்குப் புதுச்சேரிக் கல்லூரிகள். வடக்கே திண்டிவனத்தில் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையும் கரும்பும் சவுக்குத் தோப்பும் சூழ்ந்த ஊர்களிலிருந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்களில் ஏராளம். அவர்களுக்குக் கவிதை தூரத்துச் சங்கதியாக இருந்ததில்லை. பாரதி பத்தாண்டுக் காலம் தங்கி எழுதிய புதுச்சேரி ஒரு பேருந்து தூரத்தில். 1935இல் பாரதிதாசன் ‘ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்’ என்று கவிதைக்காகவே ஓர் இதழ் தொடங்கியதும் அங்கேதான். பக்கத்து வில்லியனூரில் பிறந்தவர் வாணிதாசன். செஞ்சிப் பக்கமிருந்து இறங்கி, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாகக் கடலுக்குப் போகும் சங்கராபரணி ஆற்றின் பெயரையே தன் முதல் தொகுப்புக்கு 2001இல் வைத்தார் மாலதி மைத்ரி. இப்படிப்பட்ட மண்ணில் தமிழ் மன்றத்துப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு இதழ் தொடங்குவதில் வியப்பில்லை.

இதழ்களில் வகை உண்டு. தமிழ்த்துறை வாசலில் சார்ட் தாளில் ஒட்டும் சுவர் இதழ் ஒன்று. முதல்வர் வாழ்த்துரை, தேசிய மாணவர் படையின் படம், முதலிடம் பெற்றவர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறகு கவிதைக்குச் சில பக்கம் ஒதுக்கும் ஆண்டு மலர் இன்னொன்று. ஆண்டு மலரில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை. பேராசிரியர் கை பட்டுச் சந்தியெல்லாம் சரியாகிவிட்டிருக்கும், கூடவே உயிரும் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் கல்லூரி நூலகத்தில் இன்றும் இருப்பது அது ஒன்றுதான் என்பதால் அதைக் குறைத்தும் பேச மாட்டேன்.

என் மனம் போவது கையெழுத்து இதழுக்கும் சைக்ளோஸ்டைல் இதழுக்கும்.

கையெழுத்து இதழுக்கு ஒரே பிரதி. நல்ல கையெழுத்துள்ளவர் எழுத, படம் வரையத் தெரிந்தவர் ஓரத்தில் கொடி போட, கைமாறிக் கைமாறி ஊர் சுற்றிவிட்டு அட்டை கிழிந்து திரும்பி வரும். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட மரபு உண்டு. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது மு. கருணாநிதி நடத்திய ‘மாணவ நேசன்’ கையெழுத்து ஏடுதான். 1942இல் ‘முரசொலி’ வருவதற்கு முந்தைய பயிற்சி அது. கையெழுத்து இதழ்களில் நான் விரும்பிப் படிப்பது, வாசகர் கருத்துக்காகக் கடைசியில் விடப்பட்ட வெற்றுப் பக்கங்களை. கவிதையைவிட அங்கே சண்டை நன்றாக இருக்கும். ஒருவர் பச்சை மையில் பாராட்டியிருப்பார். அதற்குக் கீழேயே இன்னொருவர், மூன்றாவது கவிதை யாருடைய சாயல் என்று பெயர் சொல்லிக் குட்டியிருப்பார். கவிஞர் அதற்கும் கீழே பதில் எழுதியிருப்பார். படைப்பும் விமரிசனமும் மறுப்பும் ஒரே அட்டைக்குள் கிடைக்கிற வேறு வடிவம் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

சைக்ளோஸ்டைல் வேறு மாதிரி அழகு. ஊரில் இருக்கும் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி, ரிப்பனை ஒதுக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் நேரடியாக அடிக்க வேண்டும். விசை மெழுகை வெட்டும். வெட்டிய இடத்தில் மை இறங்கும். ஓங்கி அடித்தால் எழுத்தின் வளைவுக்குள் இருக்கும் தாள் துணுக்கே விழுந்து, சுழி இருக்க வேண்டிய இடம் கறுப்புப் பொட்டாகிவிடும். பழைய இதழ்களில் ‘ழ’வும் ‘ஞ’வும் அப்படி அடைத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். பிழை விழுந்தால் சிவப்புத் திரவத்தைத் தடவி, காயவிட்டு, மேலே திரும்ப அடிப்பார்கள். அந்த இடம் மட்டும் அச்சில் லேசாகத் தடித்திருக்கும். கவிஞர் எந்தச் சொல்லில் தடுமாறினார் அல்லது தட்டச்சர் எங்கே தடுமாறினார் என்பது இத்தனை ஆண்டு கழித்தும் தெரிகிறது. படம் போடுவது இன்னும் கடினம். கூர் மழுங்கிய ஊசியால் மெழுகைக் கீற வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும். அதனால்தான் அந்தக் காலத்து மாணவர் இதழ்களில் படங்கள் எல்லாம் மெல்லிய ஒற்றைக் கோடாக இருக்கின்றன. ஒரு முகம், ஒரு கை, ஒரு பனைமரம். கருவியின் கட்டுப்பாடு தந்த அந்தச் சிக்கனம் பிறகு வந்த வழவழத் தாள் மலர்களில் இல்லை.

இதழ் எந்த ஆண்டு வந்தது என்று போடாவிட்டாலும் எழுத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் முன்பு தும்பிக்கை தூக்கி நின்றவை. ‘றா’, ‘னா’ தனி உருவில் இருந்தவை. ஆனால் சின்ன ஊர் டிரெடில் அச்சகங்களில் பழைய ஈய எழுத்துகளை உடனே உருக்கிவிடவில்லை. எண்பதுகளின் மாணவர் இதழ்களில் ஒரே கவிதைக்குள் பழைய ‘னை’யும் புதிய ‘னை’யும் அடுத்தடுத்து வரும். அச்சுக்கோப்பவர் கைக்கு எது கிடைத்ததோ அது. எனக்கு அந்தப் பக்கங்கள் தனி விருப்பம்.

கவிதைக்கு வருகிறேன். மாணவர் கவிதை என்றதும் மதுரைதான் முதலில் பேசப்படும், அது நியாயமும்கூட. தியாகராசர் கல்லூரியில் சற்று முன்பின்னாகப் படித்தவர்கள் அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன், இன்குலாப், அபி. ஒரு கல்லூரி ஒரு மொழியின் கவிதைக்கு இத்தனை பேரைத் தந்தது எப்படி என்று வியப்பவர்கள் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் உடனே கேட்டதுதான் காரணம் என்பேன். மரபு யாப்பில் கை பழகி, கவியரங்க மேடையில் குரல் பழகியவர்கள் அவர்கள். 1965 மொழிப் போராட்டத்தில் தெருவுக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. பிறகு 1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ வந்தது. விலையில்லாமல் தரப்பட்ட கவிதை ஏடு. அதை நடத்தியவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் பலர். 1972இல் வைரமுத்துவின் ‘வைகறை மேகங்கள்’ வந்தபோது அவர் பச்சையப்பன் கல்லூரி மாணவர். மு. மேத்தாவின் ‘கண்ணீர்ப் பூக்கள்’ 1974இல் வந்து விடுதிக்கு விடுதி கை மாறியது. ஏறக்குறைய ஒரு தலைமுறை மாணவர்கள், ஒரு வரிக்கு ஒரு சொல்லாகப் படிக்கட்டு இறங்கி, முடிவில் ஆச்சரியக்குறி போட்டார்கள். விடியல், விலங்கு, வியர்வை, ரத்தம் என்று நாலைந்து சொற்களே எல்லா இதழ்களிலும் சுற்றி வந்தன.

இதைச் சொல்லிப் பலரும் மாணவர் கவிதையை ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். பாட்டுக் கற்கும் பிள்ளை குருவின் குரலில்தான் முதலில் பாடும். ரசிகன் காது கொடுக்க வேண்டியது அந்தக் குரல் உடைகிற இடத்துக்கு. ஒரு மாணவர் நான்கு இதழ்களில் எழுதிய கவிதைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்று இதழ் வரை மேடைப் பேச்சாகவே போகும். நான்காவதில், புரட்சிக்கு நடுவே திடீரென்று அம்மா கரும்பு வெட்டப் போய்ச் சோகையில் கை கிழித்துக்கொண்டு வந்தது நாலு வரி வரும். அந்த நாலு வரியில் ஆச்சரியக்குறி இருக்காது. படிக்கட்டும் இருக்காது. சொல்லவேண்டிய விஷயம் வந்துவிட்டால் வடிவம் தானாக அடங்குகிறது. அந்தக் கணத்தை ஒரு மாணவர் இதழில் கண்டுபிடிப்பதில் இருக்கும் மகிழ்ச்சியை முழுத் தொகுப்புகள் எனக்குத் தந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் கணத்தைப் பெரிதாக்கிக் காட்டியவர் த. பழமலய். விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1988இல் வந்தது அவருடைய ‘சனங்களின் கதை’. அதில் அவர் தன் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் அவரவர் பெயரோடும் பேச்சோடும் கவிதைக்குள் உட்கார வைத்தார். உவமைகளை அடுக்கவில்லை. கொள்கை முழக்கம் எழுப்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து செத்துப்போன பாட்டியைப் பற்றிச் சொல்கிற தொனியில், இப்பகுதியான நடுநாட்டின் பேச்சில், நின்று நிதானமாகச் சொல்லிப்போனார். இதெல்லாம் கவிதையா என்று கேட்டவர்கள் உண்டு. என் மதிப்பீட்டில், நகரத்துப் புதுக்கவிதை தொடத் தயங்கிய ஒன்றை அந்தப் புத்தகம் அனாயாசமாகச் செய்தது. படிக்காத சனங்களின் நினைவை அவர்களுக்கே புரிகிற மொழியில் எழுதி வைத்தது.

சுற்றுவட்டார மாணவருக்கு அது கொடுத்த துணிச்சலை எண்ணிப் பாருங்கள். கவிதை எழுத வேண்டுமானால் நிலாவையோ லெனினையோ தேட வேண்டியதில்லை, அப்பாவின் ஏற்றக்கால் போதும் என்று வகுப்பறைக்கு வந்துபோகிற ஓர் ஆசிரியரே எழுதிக் காட்டிவிட்டார். அதன்பிறகு இப்பகுதி இளைஞர்களின் கவிதையில் ஆயா, அத்தை, பங்காளிச் சண்டை, கூத்து விடிந்த காலை, கூரை மாற்றுகிற மாசி மாதம் என்று ஊர் வந்து இறங்கியது. கொஞ்ச காலத்தில் அதுவும் ஒரு பாணியாகி, பாட்டி இல்லாத கவிதையே இல்லை என்ற நிலை வந்ததும் உண்மைதான். ஆனாலும் விருத்தாசலத்துப் பக்கம் கண்மணி குணசேகரன் கதைகளும் அவர் தொகுத்த ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யும் வந்த பாதையில் பழமலயின் தடமும் இருக்கிறது.

மாணவிகள் எழுதியவை இதழ்களில் பெரும்பாலும் புனைபெயரில் வந்தன. பெயரின் கடைசியில் ஒரு பூவோ நதியோ இருந்தால் அநேகமாக அது பெண். வீட்டில் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்தது. இந்தப் பயத்தைவிடப் பெரிய பயங்களுக்கு நடுவே எழுதியவர்கள் ஈழத்து மாணவிகள். பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ பல தலைமுறை எழுத்தாளர்களுக்கு முதல் களமாக இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எண்பதுகளில் எழுதியவர்களுக்கோ ஒவ்வொரு கவிதையும் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியமாகிவிட்டது. அங்கே படித்த சிவரமணியின் கவிதைகள் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் வந்தன. 1991இல் அவர் தன் கவிதைகளைத் தீயிட்டுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். ஏற்கெனவே வெளிவந்தவையும் மற்றவர்கள் கையில் இருந்தவையும்தான் பிழைத்தன. ‘தோழி’ இதழை நடத்திய செல்வி, நாடகமும் அரங்கியலும் படித்துக்கொண்டிருந்தபோது அதே 1991இல் விடுதலைப் புலிகளால் கொண்டுபோகப்பட்டார். திரும்பி வரவில்லை. அந்தச் சிறு இதழ்களும் தொகுப்புகளும் இல்லாதிருந்தால் இவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட நம்மை வந்து சேர்ந்திருக்காது.

இதை நினைக்கும்போதுதான் நம் பக்கத்து இதழ்களின் கதி எனக்கு உறுத்துகிறது. ‘இளங்கதிர்’ இதழ்களை இன்று ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் யாரும் திறந்து படிக்கலாம். போரும் இடப்பெயர்வும் கண்ட ஒரு சமூகம் அதைச் செய்திருக்கிறது. நமக்கு அப்படி எந்த இடைஞ்சலும் இல்லை. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய தாளைப் பொன்னாகப் பார்க்கின்றன. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் மாணவர்கள் உருட்டி, அச்சிட்டு, கையால் எழுதிச் சுற்றுக்கு விட்ட இதழ்கள் அங்கே போய்ச் சேர்வது யாராவது கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. ஒரு கவிதை பிடிஎஃப் ஆகி வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த நாளில், இன்றைய மாணவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரே ஒரு பிரதியாவது தாளில் எடுத்து, தேதி போட்டு, கல்லூரி நூலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.

மற்றவர்களிடம் கேட்பது இது. நீங்கள் இந்தக் கல்லூரிகளில் படித்தவராக இருந்தால், பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியையும் பழைய பாடப் புத்தகக் கட்டையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து ஓரம் பழுப்பேறியிருந்தால், பின்னைப் பிடுங்கி இழுக்காமல் கத்தி நுனியால் நெம்பி எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுங்கள். வாசகர் கருத்துப் பக்கங்களையும் விடாதீர்கள். புனைபெயர்களுக்கு எதிரே உண்மைப் பெயர் தெரிந்தால், எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு தனித்தாளில் குறித்து வையுங்கள். பிறகு இதழை ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பழைய பேப்பர் எடையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.