ஒரே கம்பியில் ஒரு வீடு: பலிக்காத ஓர் ஆரூடம்

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். எத்தனை துளைகள்! எத்தனை வகைக் கம்பிகள்! இத்தனைக்கும் பதிலாக ஒரே வகைக் கம்பி போதும் என்று 1990-களின் பிற்பகுதியில் மின்னணுத் தொழில் உலகம் பெரிதும் நம்பியது. தொலைக்காட்சி, வீடியோப் பதிவுக் கருவி, கணிப்பொறி, ஒலிபெருக்கி யாவும் அக்கம்பியால் பிணைக்கப்படும், இல்லமே ஒரு வலையமைப்பாகும் என்பது அன்றைய சந்தை ஆரூடம். அது பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று ஆராய்வது, இன்று சொல்லப்படும் புதிய ஆரூடங்களை எடைபோடவும் நமக்கு உதவும்.

அக்கம்பியின் பெயர் ஃபயர்வயர். ஆப்பிள் நிறுவனம் 1980-களில் தொடங்கிய இம்முயற்சி, 1995-இல் ஐ.இ.இ.இ. 1394 என்னும் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. சோனி நிறுவனம் இதற்கு ஐ-லிங்க் என்று பெயரிட்டது.

முதலில் அதன் சிறப்பைச் சொல்வதே நேர்மை. 1996-இல் வந்த யு.எஸ்.பி. முறையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். டிஜிட்டல் வீடியோ நாடாவின் படத்துக்கு மட்டும் நொடிக்கு 25 மெகாபிட் வேண்டும். ஃபயர்வயரோ 400 மெகாபிட் வரை கடத்தியது. வேகத்தைவிடப் பெரிய சிறப்பு ஒன்றும் உண்டு. பேருந்தில் முன்பதிவு செய்தவருக்கு இருக்கை உறுதி அல்லவா? அதுபோல, நொடியின் 8,000-இல் ஒரு பங்கான ஒவ்வொரு சுற்றிலும் படத்துக்கும் ஒலிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. எனவே படம் தடங்கலின்றி வந்தது. கணிப்பொறியின் துணையின்றியே இரு கருவிகள் நேரடியாக உரையாடவும் முடிந்தது.

இவ்வளவு சிறந்த முறை ஏன் வீட்டை ஆளவில்லை?

ஆப்பிள் கேட்ட உரிமத்தொகையே காரணம் என்று பலரும் சொல்வார்கள். 1999-இன் தொடக்கத்தில் ஒரு துளைக்கு ஒரு டாலர் கேட்கப்பட்டது உண்மைதான். ஆனால் அதே ஆண்டில் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, கருவி ஒன்றுக்கு 25 சென்ட் என அது குறைந்துவிட்டது. விலை உயர்ந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு இது ஒரு பாரமன்று. கணிப்பொறிச் சந்தையில் அத்தொகை தீங்கு செய்திருக்கலாம். வரவேற்பறையில் ஏற்பட்ட தோல்வியை அது விளக்காது.

என் கணிப்பில் காரணங்கள் வேறு. முதலாவது, நீளம். இரு கருவிகளுக்கு இடையே வழக்கமான கம்பி 4.5 மீட்டர்தான் செல்லலாம். அடுத்த அறைக்கே எட்டாத கம்பியை இல்ல வலையமைப்பு என்று எப்படி அழைப்பது? தொலைவைக் கூட்டிய திருத்தம் 2002-இல்தான் வந்தது. அதற்குள் கம்பியே வேண்டாத வை-ஃபை வீடுகளில் நுழைந்துவிட்டது.

இரண்டாவது, உடன்பாடு. ஃபயர்வயரை அடிப்படையாகக் கொண்டு எட்டு நிறுவனங்கள் 1998-இல் ஹாவி என்னும் கூட்டமைப்பைக் கண்டன. ஆனால் 2002-இல் எச்.டி.எம்.ஐ. முறையைத் தோற்றுவித்த ஏழு நிறுவனங்களின் பட்டியலைப் பாருங்கள்: ஹிட்டாச்சி, மட்சுஷிடா, பிலிப்ஸ், சோனி, தாம்சன், தொஷிபா ஆகிய ஆறும் அதே ஹாவியின் உறுப்பினர்களே! எச்.டி.எம்.ஐ. படத்தைத் திரைக்கு மட்டும் அனுப்பும். அதைப் பதிவு செய்வது எளிதன்று. படங்கள் நகலெடுக்கப்படுமோ என்று அஞ்சிய திரைப்பட நிறுவனங்களுக்கு இது உகந்ததாக இருந்தது. வலையமைப்பு என்ற கனவு, பெட்டியிலிருந்து திரைக்கு ஒரு கம்பி என்ற அளவில் சுருங்கியது.

சட்டமும் இதைக் காப்பாற்றவில்லை. கேட்கும் வாடிக்கையாளருக்கு ஃபயர்வயர் துளையுள்ள பெட்டியைத் தர வேண்டும் என்று 2004 ஏப்ரல் முதல் அமெரிக்கக் கேபிள் நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டது. துளை இருப்பது வேறு, அதில் கம்பி செருகப்படுவது வேறு. ஆரூடக்காரர்கள் செய்த அடிப்படைப் பிழையும் இதுவே: அவர்கள் துளைகளை எண்ணினார்கள், பயனை எண்ணவில்லை.

வீடியோக் கருவிக்கும் கணிப்பொறிக்கும் பாலமாக ஃபயர்வயர் மிக நன்றாகவே உழைத்தது. 2001-இல் அதற்கு எம்மி தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. பெரிய கனவில் தோற்று, சிறிய பணியில் வென்றது எனலாம்.

மாணவ நண்பர்களே, 2022-இல் மேட்டர் என்னும் புதிய இல்லத் தரம் வெளியாயிற்று. அதைப் பற்றியும் ஆரூடங்களுக்குக் குறைவில்லை. அவற்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது என் வீட்டின் எந்தத் தேவையைத் தீர்க்கிறது? இதில் கையொப்பமிட்டவர்கள் வேறு எதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள்? இது மறைந்தால் என்னிடம் என்ன மிஞ்சும்?

மூன்றாவது கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. அக்காலத்துத் திருமணங்களும் குழந்தைகளின் முதல் நடையும் டிஜிட்டல் வீடியோ நாடாக்களில் பதிவாகியுள்ளன. அவற்றைப் பழுதின்றிக் கணிப்பொறிக்கு மாற்ற ஃபயர்வயரே நேரான வழி. இன்றைய கணிப்பொறிகளில் அத்துளை இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு நாடா இருந்தால், பழைய கணிப்பொறி ஒன்று இயங்கும்போதே அதை நகலெடுத்துவிடுங்கள். ஆரூடம் பொய்த்தால் சொன்னவருக்கு நட்டமில்லை. இழப்பு நாடா வைத்திருப்பவருக்கே.