அரை மில்லியம்பியர்

பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டத்தில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும் அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்தவன் நான். கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். விரல் தன்பாட்டில் மடங்கும், நிமிரும். அதே அசைவைப் பல வருடம் கழித்து என் கையிலேயே கண்டேன், சத்திரசிகிச்சைக் கூடத்தில்.

முறிந்து கூடிய மணிக்கட்டிலிருந்து தகட்டை எடுக்க வேண்டியிருந்தது. முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரக்கச் செய்யலாம் என்றார் மயக்க மருந்து நிபுணர். தோளில் மின்வாய் ஒன்றை ஒட்டினார். அக்குளில் நாடி துடிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்து, நுனி தவிர மற்ற இடமெல்லாம் காப்புப் பூசிய ஊசியைச் செலுத்தினார். நொடிக்கு இரண்டு மின்துடிப்பு. தொடக்கத்தில் 1 மில்லியம்பியர். என் விரல்கள் மடங்கின. மடக்கியது நானல்ல. வலியும் இல்லை. ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கிறது. தசையை ஆட்டும் தடித்த நார்களுக்கு அது போதும். வலியைச் சுமக்கும் மெல்லிய நார்களுக்குப் போதாது.

எந்தத் தசை ஆடுகிறது என்பதே ஊசி எந்த நரம்பின் அருகில் என்று சொல்லும்: விரல் மடங்கினால் மீடியன் நரம்பு, மணிக்கட்டு நிமிர்ந்தால் ரேடியல்.

நான் சொக்கிப்போனது அதற்குப் பிறகுதான். அவர் மின்சாரத்தைக் குறைத்தார், விரல் ஓய்ந்தது. ஊசியை மயிரிழை நகர்த்தினார். விரல் மறுபடி எழுந்தது. மீண்டும் குறைத்தார். 0.5, 0.4. இத்தனை சிறிய மின்னோட்டத்துக்கும் தசை ஆடினால் நரம்பு பக்கத்தில் இருக்கிறது. 0.2க்குக் கீழும் ஆடினால் ஊசி நரம்புக்குள்ளேயே புகுந்திருக்கலாம், பின்வாங்க வேண்டும். அந்த ஒடுங்கிய இடைவெளியில் நிதானமாக நிற்பதுதான் இந்தக் கைவண்ணம்.

மின்சாரத்தால் நரம்பைத் தேடும் இந்த முறையை 1912இல் ஜெர்மனியின் பெர்தெஸ் தொடங்கிவைத்தார். கையில் எடுத்துச் செல்லும் கருவி 1962இல் கிரீன்பிளாட், டென்சன் இருவரால் வந்தது. இன்று அல்ட்ராசவுண்ட் நரம்பைத் திரையிலேயே காட்டுகிறது. ஊசி நரம்பைத் தொட்டும் தசை அசையாமல் இருப்பதுண்டு என்பதால், திரைக்கு முதலிடம் தந்தது நியாயமே. ஆனாலும் நோயாளியின் கையே பதில் சொல்லும் அழகு திரையில் இல்லை.

என் கையில் மரக்கச் செய்யும் மருந்து ஒரு மில்லிலீற்றர் இறங்கியதுமே விரல் நின்றது. மருந்து நரம்பைத் தள்ளிவிடுவதால்தான் என்று நெடுநாள் நம்பினார்கள். உண்மையில் உப்புக் கலந்த அந்த மருந்து மின்கடத்தி. ஊசிமுனையில் குவிந்த மின்சாரம் அதில் பரவி நீர்த்துப்போகிறது. குளுக்கோஸ் தண்ணீரைச் செலுத்தினால் துடிப்பு நிற்பதில்லை.

“தம்பி, கை சூடாகுதா?”

ஆமாம் என்றேன். மார்கழிப் பனியில் லயத்து அடுப்பங்கரையில் கை காய்ந்த சூடு அது.