சொல்லறியாமல் பயின்ற கோடு: கொஜிமாவும் மில்லரும்

ஒரு படைப்பாளி இன்னொருவரிடமிருந்து பெற்றது யாது என ஆராய்கையில், கதைக்கருவையும் பாத்திரங்களையுமே முதற்கண் ஒப்பிட்டு நோக்குவது நம் வழக்கம். சித்திரக்கதைக்கு இவ்வழக்கம் போதாது. ஜப்பானிய ஓவியர் கோசெகி கொஜிமாவுக்கும் அமெரிக்கப் படைப்பாளர் பிராங்க் மில்லருக்கும் உள்ள உறவு இதற்குத் தக்க சான்றாகும்.

கொஜிமா 1928 நவம்பர் 3ஆம் நாள் பிறந்தவர். (ஜப்பானியச் சித்திரக்கதை முன்னோடி ஒசாமு தெசுகா பிறந்ததும் அதே நாளில்தான், இருவர் கோடுகளும் ஒன்றுக்கொன்று எவ்வகையிலும் ஒவ்வாதவை.) தெருவோரப் படக்கதைகளுக்கும் வாடகை நூல்களுக்கும் வரைந்து கைதேர்ந்த அவர், கசுவோ கொய்கே எழுதிய 'தனி ஓநாயும் குட்டியும்' என்னும் தொடருக்கு 1970 முதல் 1976 வரை ஓவியம் வரைந்தார். ஷோகுனின் ஆணைப்படி தலை கொய்யும் அலுவலனாக இருந்த ஓகாமி இத்தோ, சதியால் மனைவியையும் பதவியையும் இழந்து, மகன் தைகொரோவை மரவண்டியில் வைத்துத் தள்ளியவாறு கூலிக்குக் கொலை செய்து திரியும் கதை அது. 28 தொகுதிகளாக விரிந்தது.

கொஜிமாவின் கோடு அழகை நாடுவதன்று. மை வற்றிய தூரிகையின் சொரசொரப்பான இழுப்பே புல்லாகிறது, மழையாகிறது, கந்தலாடையாகிறது. வாள்வீச்சில் உருவங்கள் சிதறிக் கீற்றுகளாகின்றன. அடுத்த கட்டத்தில் அசைவற்ற நிலம். உரையாடலே இல்லாத பக்கங்கள் பல.

மில்லரின் 'ரோனின்' 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஆறு இதழ்களாக வெளிவந்தது. கொஜிமாவின் ஆங்கிலப் பதிப்போ 1987இல்தான் தொடங்கிற்று. அதன் தொடக்க இதழ்களுக்கு அட்டைப்படம் வரைந்தவரும் மில்லரே. ஆக, 'ரோனின்' உருவாகும் முன்னர் அவர் பயின்றது தமக்கு விளங்காத மொழியில் அமைந்த பக்கங்களையே. சொல் வழி அடைபட்டபோது கோடு மட்டுமே அவரிடம் பேசியிருக்கிறது. தலைவனை இழந்த சாமுராய் என்னும் கருவைக் காட்டிலும், உரையின்றியே பக்கங்களை நகர்த்தும் துணிவுதான் அவர் பெற்ற பெரும்பேறு என்பது நம் துணிபு. கருவை மட்டும் ஒப்பிடும் திறனாய்வுக்கு இது புலப்படாது.

பெற்றது முழுமையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 'ரோனின்' பக்கங்களில் பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் நுண்கோட்டுச் சாயலும் உண்டு. லின் வார்லியின் வண்ணமும் உண்டு. கதை நிகழ்வது சிதைந்துபோன எதிர்கால நியூயார்க்கில். அங்கு மௌனம்கூட அடுத்த தாக்குதலுக்கான பதுங்கலாகவே அமைகிறது. கொஜிமாவிடம் மௌனம் கொலைக்குப் பின் வருவது, துயரத்தோடு வருவது.

1991இல் தொடங்கிய 'சின் சிட்டி'யின் முதற்கதையில் மில்லர் வண்ணத்தை முற்றாகத் துறந்தார். கன்னங்கறுப்பும் வெறும் வெண்மையும் மோதும் அப்பக்கங்களின் ஆற்றலை எவரும் மறுக்க இயலாது. ஆயின், நீர் கலந்த மையால் கொஜிமா தீட்டிய சாம்பல் நிறம் அங்கு இல்லை. தந்தை கொன்றுவிட்டுத் திரும்புகையில் வண்டியிலிருந்து நோக்கும் தைகொரோவைக் கொஜிமா நிறுத்தியது அந்தச் சாம்பலில்தான்.