எந்தப் பாறையில் எப்போது நிழல்? மூன்று செயலிகள், ஒரு சோதனை

வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் அடிவானம். தை மாதத்தில் சூரியன் மறைவது மாலை 6.20 வாக்கில் என்று நாட்காட்டி சொல்லும். பிளவக்கல் அணைப் பக்கம் போய் நின்றால், அதற்கு வெகு முன்பே பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. தோட்ட வேலை முடித்து வீடு திரும்புகிறவர்களுக்கு இது அன்றாடம் பார்த்துப் பழகியது. பாறையேறுகிறவர்களுக்கோ நாளிலேயே நல்ல நேரம் அதுதான். அந்த நேரம் எப்போது தொடங்கும் என்று போனில் இருக்கும் செயலிகளுக்குத் தெரிகிறதா? சன்கால்க், பீக்ஃபைண்டர், ஷேட்மேப் ஆகிய மூன்றையும் இந்த மலையடிவாரத்திலேயே வைத்துப் பார்த்தேன்.

பாறையேற்றத்தில் நிழல் என்பது சொகுசுக்காகத் தேடுவது அல்ல. கை வியர்த்தால் பிடி வழுக்கும். சாக் பவுடர் பூசினாலும் சுடுகல்லில் அது அதிக நேரம் தாங்காது. ஏறும் காலணியின் ரப்பர் சூட்டில் இளகினால், சின்ன விளிம்பில் கால் நிற்காது. கீழே கயிறு பிடித்து அண்ணாந்து நிற்பவரின் நிலைமை இன்னும் மோசம். ஏறுகிறவர் கண்ணுக்கு எதிரே பாறை இருக்கிறது, இவர் கண்ணுக்கு எதிரே சூரியன். ஹம்பியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூடும் பாறையேறிகள்கூட விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான் பாறைக்குப் போகிறார்கள். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகளில் ஒவ்வொரு பாறைக்குப் பக்கத்திலும் காலை வெயிலா, மாலை வெயிலா, நாள் முழுக்க நிழலா என்று குறியீடு போட்டிருப்பார்கள்.

அந்தக் கையேடுகளைப் படித்து வளர்ந்தவர்கள் மனதில் ஒரு விதி பதிந்திருக்கும்: வடக்கு பார்த்த பாறை என்றால் நிழல். நம் ஊருக்கு அது பாதி ஆண்டுக்குத்தான் பொருந்தும். வ. புதுப்பட்டி வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 9.6 பாகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பையொட்டி ஒரு நாள், ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கும் நிழலில்லா நாள் இதுதான். இந்த இரண்டு நாட்களுக்கு நடுவே உள்ள நாலரை மாதமும் சூரியன் காலையிலிருந்து மாலை வரை வடக்குப் பாதியிலேயே நகர்கிறது. செங்குத்தான தெற்குச் சுவரில் அப்போது நேரடி வெயில் ஒரு நிமிடம்கூட விழாது. சித்திரைக் கத்திரியில் தெற்கு பார்த்த பாறைதான் நாள் முழுக்க நிழல்! செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை நிலைமை தலைகீழ். வடக்குச் சுவர் முழு நிழலில் இருக்கும். மார்கழியில் தெற்குச் சுவர் நன்றாகவே காயும், ஏனென்றால் நண்பகலிலும் சூரியன் 57 பாகை உயரத்தில்தான் நிற்கும்.

இந்தத் திசைக் கணக்கைக் கண்ணெதிரே காட்டுவதில் சன்கால்க்கை மிஞ்ச ஆளில்லை. உக்ரைன் நிரலாளர் விளாதிமிர் அகாஃபோன்கின் உருவாக்கியது. லீஃப்லெட் என்ற புகழ்பெற்ற வரைபட நிரலை எழுதியவரும் இவரே. உலாவியில் திறந்து, வரைபடத்தில் ஊரைத் தொட்டு, தேதியை மாற்றினால் உதயக் கோடும் அஸ்தமனக் கோடும் விசிறி போல விரிந்து சுருங்கும். ஜூன் 21-க்கு மாற்றிப் பார்த்தால், சூரியப் பாதை முழுவதும் ஊருக்கு வடக்கே வளைந்து கிடக்கும். உச்சிப்பொழுதையும் சரியாகத் தருகிறது. நாம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே வாழ்கிறோம். அதனால் மாசியில் உச்சி 12.30-ஐத் தாண்டும், ஐப்பசிக் கடைசியில் 12.05-க்குள் வந்துவிடும். கிழக்கு பார்த்த பாறைக்கு நிழல் வருவது அதற்குப் பிறகுதான் என்பதால் இந்த அரை மணி வித்தியாசம் முக்கியம். ஆனால் சன்கால்க்குக்கு மலை தெரியாது. அதன் கணக்கில் பூமி தட்டை. இராஜபாளையத்துச் சஞ்சீவி மலை போல ஊரை ஒட்டித் தனியே நிற்கும் குன்றுக்கு அது போதும்; மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடிக்குப் போதாது.

பீக்ஃபைண்டர் அங்கேதான் வெல்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த செயலி, விலை கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தெரியும் மலைமுகடுகளைக் கோட்டோவியமாக வரைந்து, அதன் மேல் சூரியனும் சந்திரனும் போகும் பாதையைக் காட்டுகிறது. சூரியப் பாதை முகட்டுக் கோட்டைத் தொடும் இடம்தான் நமக்கு வேண்டிய நேரம். சதுரகிரிப் பக்கத்து மலைவரிசையைத் திரையிலும் எதிரிலும் மாறி மாறிப் பார்த்தேன். பெரிய முகடுகளின் வடிவம் பிசகாமல் இருந்தது. இணையம் இல்லாமலும் இயங்குகிறது. அலைபேசிக் கோபுரங்கள் குறைந்த மலையடியில் இதுவே அதன் பாதி மதிப்பு. ஒரு எச்சரிக்கை: போனின் திசைகாட்டி காந்தத்தை நம்பியது. பைக் சீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். பத்தடி தள்ளி வந்து பாருங்கள்.

போன் இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். கையை முழுதாக நீட்டி, விரல்களைப் படுக்கையாக வைத்து, முகட்டுக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று எண்ணுங்கள். ஒரு விரல் சுமார் கால் மணி நேரம். முகடு அடிவானத்துக்கு மேல் 14 பாகை உயர்ந்திருந்தால், தை மாதத்தில் வெயில் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடும். சூரியனை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம், விரலால் மறைத்துக்கொண்டே எண்ணுங்கள்.

ஷேட்மேப் வேறு வகை. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் மலைகளின் நிழலையே விரித்துக் காட்டுகிறது. நேரத்தை இழுக்க இழுக்க, மேற்கு மலையின் நிழல் காட்டைக் கடந்து, அணையைக் கடந்து, தென்னந்தோப்புகள் மேல் படர்ந்து வருவது தெரியும். எங்கே எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று வண்ணத்திலும் காட்டும். புதிய இடத்துக்குப் பயணம் திட்டமிட இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் அலசிவிடலாம். இணையம் வேண்டும் என்பதால், கிளம்பும் முன்பே பார்த்து, வேண்டிய நேரங்களைத் திரைப்பிடிப்பு எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

இத்தகைய செயலிகளின் எல்லை எங்கே என்பதைப் புரிந்துகொள்ள, அவற்றின் உயரத் தரவு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரில் அளந்தது. அதில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரே ஒரு உயரம். ஆயிரம் மீட்டர் மலைக்கு இது தாராளம். நாம் ஏறும் 20 மீட்டர் பாறையோ ஒரு கட்டத்துக்குள் அடங்கிக் காணாமல் போய்விடும். முன்னால் துருத்திக்கொண்டு கவிந்திருக்கும் பாறையை இந்த முறையில் குறிக்கவே முடியாது. ஒரே இடத்துக்கு இரண்டு உயரம் எழுத வழியில்லை. தூரத்து மலையின் நிழலுக்குச் செயலியை நம்பலாம். கைக்கெட்டும் பாறையின் நிழலுக்கு உங்கள் கண்தான்.

சூட்டையும் எந்தச் செயலியும் சொல்லாது. கருங்கல் பகல் முழுக்க வெயிலைக் குடித்து, நிழல் வந்த பிறகும் நெடுநேரம் அனல் கக்கும். மேற்கு பார்த்த பாறையில் மாலை நிழல் விழுந்த உடனே கையை வைத்துப் பாருங்கள், புரியும். என் அனுபவத்தில் கிழக்கு பார்த்த பாறையில் பிற்பகல்தான் இங்கே மிகச் சிறந்தது: உச்சிக்குப் பிறகு நேரடி வெயில் கிடையாது, ஆறுவதற்கு அவகாசமும் இருக்கிறது. ஆனி, ஆடியில் முகட்டில் மேகம் அடைந்து நிற்கும்போதும் செயலி பளீர் வெயில் என்றே காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலான பாறை பாசி பிடித்து வழுக்கும். அப்போது வெயில் பட்ட பக்கத்தைத் தேடுவதே புத்தி.

வ. புதுப்பட்டிக்கு மேற்கே இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம், 2021-இல் அறிவிக்கப்பட்டது. அங்கே இந்தச் செயலிகளை ஊர்ப் பக்கமிருந்து சோதித்துப் பார்க்கலாமே தவிர, வனத்துறை அனுமதி இல்லாமல் கயிறோடு உள்ளே போகக் கூடாது. பாறை விளிம்பின் நிழலில் அடை கட்டும் மலைத்தேனீக்களைக் கலைத்தால், அந்தரத்தில் தொங்குகிறவருக்குத் தப்ப வழியே கிடையாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பீக்ஃபைண்டர் வாங்குங்கள். திட்டமிட ஷேட்மேப், திசை பழக சன்கால்க். இரண்டையும் உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். கூடவே ஒரு வேண்டுகோள். தி கிராக் போன்ற பதிவேடுகளில் தமிழ்நாட்டுப் பாறைகளைச் சேர்க்கிறவர்கள், தடத்தின் பெயரும் கடினமும் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பாறை பார்க்கும் திசையைப் பாகையில் எழுதுங்கள், எந்த மாதம் எத்தனை மணிக்கு நிழல் வந்தது என்று ஒரு வரி சேருங்கள். 30 மீட்டர் கட்டத்துக்குள் தொலைந்துபோகும் பாறைக்கு அந்த ஒரு வரிதான் வழிகாட்டி.