ஒரே சுவர், ஒரே சன்னல்: வாடகைக் குடியிருப்பும் வறுமையின் தோற்றமும்

வறுமையை எழுதுதல் எளிது என எண்ணுவோர் நம்மிடையே பலர். கிழிந்த பாய், அணைந்த அடுப்பு, ஒழுகும் கூரை ஆகியவற்றை அடுக்கிவிட்டால் ஏழையின் இல்லம் எழுந்து நின்றுவிடும் என்பது அவர்தம் துணிபு. அரசோ ரயில்வேயோ வீட்டு வாரியமோ கட்டித் தந்த குடியிருப்பில் இவ்வுத்தி செல்லாது. அங்கே கூரை ஒழுகினால் வரிசை முழுவதும் ஒழுகும். சுவரின் அளவு ஒன்று; சன்னலின் வண்ணம் ஒன்று. வீட்டைக் கண்டு ஆளை அளக்க வழியில்லை.

அளக்கும் வேலையை அரசே முன்னர்ச் செய்து முடித்துவிடுகிறது என்பதும் உண்மையே. மத்திய அரசின் பொதுக் குடியிருப்புகள் ஊதிய நிலைக்கேற்ப முதல் வகை தொடங்கி எட்டாம் வகை வரை பகுக்கப்பட்டவை. ஒருவர் எந்த வகை வீட்டில் இருக்கிறார் என்று அறிந்தால் அவரது ஊதியத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஆனால் அவரது கடனைச் சொல்ல முடியாது. தனி ஆளாய் இருப்பவருக்கும், மணமாகாத தங்கையர் மூவரையும் முதிய பெற்றோரையும் தாங்குபவருக்கும் ஒரே வகை வீடுதான் அடுத்தடுத்து ஒதுக்கப்படுகிறது. தென்கிழக்கு ரயில்வேயின் கார்டன் ரீச், கரக்பூர்க் குடியிருப்புகளை அறிந்த கொல்கத்தாத் தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊதியம் வெளிப்படையாகவும் கடன் மறைவாகவும் இருக்கும் இவ்விடத்தில்தான் எழுத்தாளனுக்கு உரிய களம் தொடங்குகிறது.

அக்களத்தைத் தமிழில் நுட்பமாகக் கண்டவர் அசோகமித்திரன். 1977இல் வெளிவந்த அவரது ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ சிகந்தராபாத்தின் லான்சர் பாரக்ஸ் என்னும் ரயில்வே குடியிருப்பில் நிகழ்வது. பெயரே சொல்லுமாறு, குதிரைப் படையினர்க்கென எழுந்த இடம் பின்னர் ரயில்வே ஊழியர்க்கு வீடாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியரும் அங்கே அண்டை வீட்டார். நாவலின் இளைஞன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான். மிதிவண்டியில் கல்லூரி செல்கிறான். இவ்விரண்டையும் மட்டும் கண்டால் வளமான வீட்டுப் பிள்ளை என்றே கொள்வோம். வீட்டுக்குள் நுழைந்தால் மாட்டைப் பேணுவதும் நீருக்குக் காத்திருப்பதும் அவன் நாளில் பெரும்பகுதியைக் கொண்டுவிடுகின்றன. அவ்வீட்டார் செல்வரா, வறியரா? ஆசிரியர் ஓரிடத்திலும் விடை கூறுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள், வழுக்கிவிடாமல் நிற்பதற்கு எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதையே காட்டுகிறார். இந்நடையில் கோபம் போதாது என்பார் உளர். கோபத்தை உரக்கச் சொல்லும் நாவல்கள் நம்மிடம் குறைவாக இல்லை. ஆயினும் அவற்றுள் எத்தனை நாவல்களின் வீடுகள் நம் நினைவில் நிற்கின்றன?

வங்கத்தில் இதற்கு இணையாக நாம் கருதுவது நரேந்திரநாத் மித்ராவின் ‘அவதரணிகா’ கதையைத் தழுவிச் சத்யஜித் ராய் 1963இல் எடுத்த ‘மகாநகர்’. அதில் வருவது அரசுக் குடியிருப்பன்று, கல்கத்தாவின் நெருக்கடியான வாடகை வீடு. எனினும் சிக்கல் ஒன்றே. வங்கி ஊழியனின் மனைவி ஆரதி, பின்னல் இயந்திரம் விற்பதற்காகச் செல்வர் வீட்டுப் படிகளை ஏறுகிறாள். ஏழையாய்த் தோன்றினால் அவ்வீடுகளில் விற்பனை நடவாது. செல்வமாய்த் தோன்றினால் தன் வீட்டில் ஐயம் பிறக்கும். தோழி தந்த உதட்டுச் சாயம் கைப்பைக்குள் ஒளிந்திருப்பதன் காரணம் இதுதான். சிற்றுண்டிச் சாலைக் காட்சி இன்னும் கூர்மையானது. தன் கணவர் சொந்தத் தொழில் நடத்துகிறார் என்று அவள் மற்றொருவரிடம் கூறுகிறாள். வேலையிழந்த அக்கணவனோ அருகிலேயே செய்தித்தாளுக்குப் பின் முகம் மறைத்து அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவள் சொன்னது பொய். ஆனால் தனக்காகச் சொன்ன பொய்யன்று, அவன் மானத்துக்காகச் சொன்னது. அதனைக் கேட்டு அவன் மகிழ்வதா, கூசுவதா? மறுபுறம், ஓய்வுபெற்ற ஆசிரியராகிய மாமனார் பழைய மாணாக்கரின் வீடுவீடாகச் சென்று தம் வறுமையைக் காட்டி உதவி பெறுகிறார். ஒரே வீட்டில் மருமகள் இல்லாத வளத்தைக் காட்ட, மாமனார் உள்ள வறுமையைச் சற்று மிகையாகவே காட்டுகிறார். படத்தின் முடிவில் வேலையற்ற இருவரும் நம்பிக்கையோடு நகரக் கூட்டத்தில் கலப்பது மட்டும் நமக்கு முழு நிறைவு தரவில்லை. அடுத்த மாத வாடகையை அந்நம்பிக்கை கொடுக்காதன்றோ?

தோற்றம் என்பது மானத்தோடு நின்றுவிடும் செய்தியும் அன்று. சென்னையில் 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றி மாடி வீடுகள் எழுந்தபோது, வீதியில் நின்று பார்ப்பவர்க்கு அங்கே வறுமை தீர்ந்ததுபோல் தோன்றிற்று. குடியேறியவர்தம் வருவாய் கட்டடத்தோடு மாடி ஏறவில்லை. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், ஆண்டு வருவாய் மூன்று இலட்சம் வரை ஒரு பிரிவு, ஆறு இலட்சம் வரை மற்றொரு பிரிவு எனக் கோடு கிழிக்கப்பட்டது. கோட்டின் இப்பால் நிற்கிறோம் என்று மெய்ப்பிக்க வேண்டியவன், அண்டை வீட்டாரிடம் கோட்டின் அப்பால் நிற்பவனாகத் தோன்ற விரும்புகிறான். தவணையில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி விருந்தினர்க்குப் பெருமை. விசாரிக்க வரும் அலுவலர்க்கு ஐயம். பெட்டியைத் துணியிட்டு மூடும் கை, அதே துணியை விருந்தினர் வருகையில் விலக்கும் கை. இக்கையை எழுதத் தெரிந்தவனே குடியிருப்பை எழுதத் தெரிந்தவன். நம் திரைப்படங்களோ ஏழைக் கதாநாயகியை நான்கு தூண் கூடத்தில் நிறுத்தி, புடவையில் மட்டும் ஓர் ஒட்டுப் போட்டு மன நிறைவு அடைந்துவிடுகின்றன.

மீண்டும் அசோகமித்திரனிடம் வருவோம். 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைகிறது. வெளியிடங்களிலிருந்து வந்த அகதிகளால் முன்பே நிறைந்துவிட்ட நகரில், அச்சம் இப்போது அணி மாறுகிறது. கலவரத்துக்குத் தப்பி ஓடும் சந்திரசேகரன் ஒரு சுவரேறிக் குதித்து, முன்பின் அறியாத ஒரு வீட்டுக்குள் விழுகிறான். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் ஒடுங்கி நிற்கிறது. தாக்க வந்தவன் என்றே அவர்கள் அவனைக் கருதுகின்றனர். குடும்பத்தைக் காக்க எண்ணிய இளம்பெண் ஒருத்தி முன்வந்து தன் ஆடையைக் களைகிறாள். இருநூறு பக்கங்களாக ஒவ்வொரு வீடும் எதையேனும் மூடி மறைத்துக்கொண்டிருந்த நாவலில், மறைப்பதற்கென ஒன்றும் எஞ்சாத வீடு இது ஒன்றே. அவளுக்கு அவன் செல்வனுமல்லன், ஏழையுமல்லன். தமிழனுமல்லன், ரயில்வே ஊழியரின் மகனுமல்லன். தான் அவள் கண்ணில் எவ்வாறு தோன்றினோம் என்பதை உணர்ந்த அக்கணமே, அங்கு நிற்க இயலாமல் அவன் வெளியே ஓடுகிறான்.